இசைவும் எதிர்நிறமும்: தில்லித் துப்பட்டாவும் காஞ்சிக் கோர்வையும்

தில்லியில் பல ஆண்டுகளாக வாழும் தமிழ்ப் பெண்ணின் அலமாரியில் இரண்டு நிறப் பழக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்று, லாஜ்பத் நகர் சென்ட்ரல் மார்க்கெட்டில் குர்தாவின் நிறத்துக்கு ஏற்பச் சாயம் தோய்த்து வாங்கிய துப்பட்டா. இன்னொன்று, உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று நெய்த காஞ்சிபுரம் பட்டு. உடுத்துபவர் ஒருவரே. நிறத்தைப் பற்றிய எண்ணங்கள் மட்டும் இரண்டு.

மேனியின் நிறத்துக்கு எந்த உடை எடுப்பாக இருக்கும் என்ற கேள்விக்கு இவ்விரண்டும் வெவ்வேறு விடை தருகின்றன. துப்பட்டா மரபு, தலை முதல் கால் வரை ஒரே சாயலை ஓடவிட்டு முகத்தை அதற்குள் இணக்கமாக அமர்த்தப் பார்க்கிறது. கோர்வை மரபு இரண்டு நிறங்களை மோதவிட்டு, அவற்றின் நடுவே முகத்தைத் துலங்க வைக்கிறது. முன்னதை இசைவு வழி என்றும் பின்னதை எதிர்நிற வழி என்றும் இங்கே அழைக்கிறேன். நிறவிதி, மேனி, வெளிச்சம், துணி ஆகிய நான்கையும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகிறது. நம்மிடையே மிகுதியாக உள்ள மாநிற, கரிய மேனிகளுக்கு எதிர்நிற வழியே உறுதியான அடித்தளம். முகத்தருகே நிறத்தை எப்படிக் கையாள்வது என்ற நுட்பத்தை இசைவு வழியிடம் கற்க வேண்டும். கறுத்தவர்கள் பளிச்சென்ற நிறம் உடுத்தக் கூடாது என்று கடைகளிலும் வீடுகளிலும் சொல்லும் தடைக்கு இந்த இரண்டு மரபிலுமே இடமில்லை.

ஒப்பிடும் அளவுகோல்

நிறத்தை மூன்று கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் முறையை அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905 இல் வெளியிட்டார். சிவப்பா நீலமா என்பது முதல் கூறு. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது இரண்டாவது. எவ்வளவு தெளிவு, எவ்வளவு மங்கல் என்பது மூன்றாவது. கடையில் நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் முதல் கூறைப் பற்றித்தான். "மஞ்சள் எனக்கு ஒத்து வராது" என்போம். ஆனால் எலுமிச்சை மஞ்சள், கடுகு மஞ்சள், மாம்பழ மஞ்சள் மூன்றும் ஒரே முகத்தில் மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஒன்று முகத்தை வெளிறச் செய்யும். ஒன்று தூக்கிக் கொடுக்கும். இந்த வேறுபாட்டை உண்டாக்குபவை பின்னிரண்டு கூறுகள்.

இதற்கு முந்தைய ஓர் உண்மையும் நமக்கு வேண்டும். பாரிஸில் உள்ள கோப்லேன் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்கு 1824 இல் தலைமையேற்ற வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும் கறுப்பின் தோற்றத்தைக் கெடுத்திருந்தன. அருகருகே வைத்த இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் என்ற விதியை அவர் 1839 இல் நூலாக்கினார். வெளிர் நிறத்துக்கு அருகில் அடர்நிறம் இன்னும் அடர்வாகத் தெரியும். பச்சைக்கு அருகில் சிவப்பு இன்னும் சிவக்கும். ஷெவ்ரல் இந்த விதியை மனித மேனிக்கும் பொருத்தினார். சிவப்பு குறைந்து வெளிறிய முகத்துக்கு இளம்பச்சை துணை செய்யும், ஏனெனில் பச்சையின் அண்மை தோலில் உள்ள சிறிதளவு ரோஜாச் சாயலை உயர்த்திக் காட்டும் என்றார். அவர் பேசியது பெரும்பாலும் ஐரோப்பிய முகங்களைப் பற்றி. விதி எல்லா முகத்துக்கும் பொது. உடுத்துபவரின் தோல், உடையில் சேரும் நிறங்களில் ஒன்று. எந்தத் துணியையும் தனியாக அழகு என்றோ அழகில்லை என்றோ சொல்லிவிட முடியாது.

தில்லியின் இசைவு வழி

லாஜ்பத் நகரிலும் பழைய தில்லியின் கடைத்தெருக்களிலும் சாயக்காரர்கள் அடுப்பில் பாத்திரம் ஏற்றி வேலை செய்கிறார்கள். ரங்ரேஸ் என்று பெயர். நாம் தரும் துணித்துண்டைப் பார்த்துப் பொடிகளைக் கலந்து, வெள்ளைத் துப்பட்டாவைத் தோய்த்து எடுத்து, ஒரு மூலையை உலர்த்தி ஒப்பிட்டு, குறை இருந்தால் மறுபடியும் தோய்ப்பார்கள். ஈரத் துணி எப்போதும் அடர்வாகத் தெரியும் என்பதால் உலர்ந்த பிறகுதான் அவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். பியாஸி, பாதாமி, தானி, பிரோஸி, ஜாமுனி, சுர்மயி என்று வெங்காயத் தோல், பாதாம், இளநெற்பயிர், நீலப்பச்சைக் கல், நாவல், கண்மை ஆகியவற்றின் பெயரால் அவர்கள் நிறங்களை அழைக்கிறார்கள். ஒரே நிறத்தின் நுண்ணிய படிகளைப் பிரித்தறியும் கண் இந்த மரபின் பெருமை.

இசைவு வழிக்கு உரிய பலன்கள் உண்மையானவை. ஒரே சாயலில் அமைந்த உடை உருவத்தை நீளமாகக் காட்டும். பார்ப்பவர் கண் எங்கும் தடுக்காமல் முகத்துக்குச் சென்று சேரும். அதைவிட முக்கியம், முகத்துக்கு மிக அருகில் கிடப்பது துப்பட்டா என்பதை இந்த மரபு புரிந்துகொண்டிருக்கிறது. குர்தாவின் நிறம் முகத்துக்கு ஒவ்வாவிட்டால், அதே சாயலில் இரண்டு படி வெளிராகவோ அடர்வாகவோ துப்பட்டாவைத் தோய்த்து வாங்கிக் கழுத்தைச் சுற்றிச் சரிசெய்துவிடலாம். தைத்த உடையை மாற்றாமல் முகத்தருகே உள்ள நிறத்தை மட்டும் மாற்றும் இந்த வசதி ஒரே நிறச் சேலையில் எளிதாகக் கிடைப்பதில்லை.

வடக்கு முழுவதும் மெல்லிய சாயல்களின் நாடு என்று எண்ணிவிடக் கூடாது. வசந்த பஞ்சமி நாளில் நிஜாமுதீன் தர்காவில் கூடுபவர்கள் கடுகுப்பூ மஞ்சள் அணிகிறார்கள். அமீர் குஸ்ரோவோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த வழக்கத்தில் எவருடைய மேனி எந்த நிறம் என்று எவரும் கேட்பதில்லை. 1947 இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் தில்லிக்குக் கொண்டு சேர்த்த புல்காரித் துணியில், செங்காவிக் கதர்மேல் பொன்மஞ்சள் பட்டு நூல் எதிர்த்து மின்னும். ஆகவே எதிர்நிறம் தெற்கின் தனிச்சொத்து அல்ல. ஆனால் இன்றைய தில்லிக் கடைத்தெருவில் ஆட்சி செய்வது 'மேட்சிங்'. பிளவுசுக்கும் லைனிங்குக்கும் துணி விற்கும் மேட்சிங் சென்டர் இல்லாத சந்தை இங்கே அரிது. 2017 டிசம்பரில் இத்தாலியில் நடந்த திருமணத்தில் அனுஷ்கா சர்மா சப்யசாசி வடிவமைத்த வெளிர்ரோஜா லெஹங்கா உடுத்திய பிறகு, மணப்பெண் உடையிலும் வெளிர்சாயல்கள் பெருகின.

காஞ்சியின் எதிர்நிற வழி

கோர்வை என்பது வெறும் அலங்காரத் தேர்வல்ல. அது தறியின் ஏற்பாடு. சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அதனால் உடலின் நிறம் கரைக்குள் கசியாது. கரை கலப்பில்லாத முழு நிறமாக நிற்கும். கைத்தறியில் இதற்கு நெசவாளரோடு ஒரு துணையாளும் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டியிருந்தது. முந்தானையையும் வேறு நிறத்தில் இணைக்கப் பெட்னி என்ற தனி வேலை உண்டு. இவ்வளவு உழைப்பைக் கொட்டி அந்த நெசவாளர்கள் காத்தது ஒன்றைத்தான்: இரண்டு நிறங்கள் கலங்காமல் நேருக்கு நேர் நிற்க வேண்டும்.

அரக்குக்குக் கிளிப்பச்சை, மயில்கழுத்துக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு, மாம்பழ மஞ்சளுக்கு வாடாமல்லி, ராமர் பச்சைக்குக் கத்திரிப்பூ என்று இந்த இணைகள் தலைமுறைகளாகக் கைமாறி வந்திருக்கின்றன. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகச் சாயமேற்றிய நீலம் 'எம்.எஸ். புளூ' என்றே இன்றும் கேட்டு வாங்கப்படுகிறது.

எதிர்நிறங்களை எந்த அளவில் வைப்பது என்பதையும் இந்த மரபு அறியும். பாஹவுஸ் பள்ளியில் கற்பித்த யோஹானஸ் இட்டன் 1961 இல் வெளியிட்ட நூலில், கதேயின் கணக்கை ஒட்டி, மஞ்சளுக்கு ஒளி மதிப்பு 9 என்றும் ஊதாவுக்கு 3 என்றும் கொண்டு, இரண்டும் சமநிலை பெற மஞ்சள் ஒரு பங்கும் ஊதா மூன்று பங்கும் பரப்பு பெற வேண்டும் என்று காட்டினார். கத்திரிப்பூ உடலுக்கு ஒடுங்கிய மஞ்சள் கரை வைக்கும் நெசவாளர் அந்தக் கணக்கைக் கண்ணாலேயே போட்டிருக்கிறார். பேட்டு என்று பெரிய கரை வைக்கும்போது அதே மஞ்சளைத் தேன் நிறத்துக்கோ அரக்குக்கோ இறக்கிவிடுவதும் அந்தக் கணக்கின் தொடர்ச்சிதான்.

மேனியின் முன் இரண்டும்

இனி, தோலுக்கு அருகே இரண்டையும் கொண்டுவருவோம். இந்தியத் தோல்களின் நிறத்தைப் பெரும்பகுதி நிர்ணயிப்பது மெலனின். அதற்குக் கீழே ஓடும் குருதியின் சிவப்பும் கலந்து தெரிகிறது. மஞ்சள், பழுப்பு, சிவப்பு என ஒவ்வொரு மேனிக்கும் ஓர் உள்சாயல் இருக்கும். ஆனாலும் தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவது மேனிக்கும் துணிக்கும் உள்ள வெளிர்-அடர் வேறுபாடு.

இசைவு வழியின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. மாநிற மேனிக்கு அருகே, அதே அளவு வெளிர்வும் அதே அளவு மங்கலும் கொண்ட பழுப்பு, காக்கி, சாம்பல்ரோஜா ஆகியவற்றைத் தலை முதல் கால் வரை ஓடவிட்டால் முகத்தின் எல்லை கரைந்துபோகும். கண்ணுக்குக் கீழே உள்ள நிழல் மட்டும் மிஞ்சி, களைப்பு ஏறியது போலத் தோன்றும். பியாஸியும் பாதாமியும் வெளிர்மேனியில் மலர்வதற்குக் காரணம், அந்த மேனிக்கும் அவற்றுக்கும் மெல்லிய ஆனால் தெளிவான இடைவெளி இருப்பது. அதே நிறங்கள் ஆழ்ந்த கரிய மேனியிலும் நன்றாக நிற்கும். அங்கே இடைவெளி பெரிது. நடுவில் உள்ள மாநிறத்துக்குத்தான் அவை பெரும்பாலும் துரோகம் செய்கின்றன. கடைக்காரர்கள் பலர் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

எதிர்நிற வழியில் இந்த ஆபத்து குறைவு. உடலும் கரையும் வெளிர்வில் வேறுபடுவதால் இரண்டில் ஒன்றாவது மேனியிலிருந்து நிச்சயம் விலகி நிற்கும். காப்பிக்கொட்டை நிறம் கரிய மேனியோடு கலந்துவிடக்கூடும். அதற்குச் சந்தன நிறக் கரையும் பிளவுசும் சேர்ந்தால் கழுத்தருகே தேவையான இடைவெளி வந்துவிடும். நிறத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு. மிக மெல்லிய, வெளிறிய மேனியில் இரண்டு உரத்த நிறங்கள் சேர்ந்து முகத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். அங்கே ரங்ரேஸின் அரைப்படி நுட்பம்தான் கைகொடுக்கும்.

இந்த மண்ணின் உருவ மரபு இதை வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. கரிய கண்ணனுக்கு மஞ்சள் ஆடை. வெண்ணிற மேனியன் பலராமனுக்கு நீல ஆடை. பசோலிச் சிற்றோவியங்களில் நீலமேனிக் கண்ணன் பொன்மஞ்சள் பீதாம்பரத்தில் நிற்பதைப் பார்ப்பவர் எவரும், கரிய மேனிக்குப் பளிச்சென்ற நிறம் ஆகாது என்று பிறகு சொல்லத் துணியமாட்டார். ஓவியன் மேனியைக் குறையாகக் கருதவில்லை. அதை வலிமையான நிறமாகக் கருதி அதற்கு ஈடான துணையைத் தேடினான்.

இரண்டு வெளிச்சங்கள்

துணி மாறாமல் ஊர் மாறினாலும் முகம் வேறாகத் தெரிவதற்கு வெளிச்சம் காரணம். டிசம்பர் இறுதி நண்பகலில் சென்னையில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் இருக்கும். தில்லியில் 38 பாகைக்கு மேல் ஏறாது. பக்கவாட்டில் விழும் அந்த மெலிந்த ஒளியும் மூடுபனியும் புகையும் சேரும்போது எல்லா நிறமும் சற்று மங்கும். ஏற்கெனவே மங்கலான சாயல்கள் சாம்பலாகவே ஆகிவிடும். மேலும் குளிர்காலத்தில் கோட்டும் சால்வையும் உடம்பை மூடிவிடுவதால் முகத்தருகே தெரியும் துணி ஒரு சாண்தான். அந்த ஒரு சாணில் குங்குமச் சிவப்போ மயில்நீலமோ கடுகு மஞ்சளோ இருந்தால் முகம் எழும். கறுப்புக் கோட்டுக்கு மேல் கரும்பழுப்புச் சால்வை போட்டுக்கொண்டு நோயாளி போலத் தெரிபவர்களை ஜனவரியில் மெட்ரோ பெட்டி முழுக்கப் பார்க்கலாம். மே மாத வெயிலில் நிலைமை தலைகீழ். உச்சியிலிருந்து கொட்டும் ஒளியில் பளீர் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும்; மல்மல் துணியின் தந்தவெள்ளையும் தானிப் பச்சையும் அப்போதுதான் தங்கள் இனிமையைக் காட்டும்.

திருமண நேரமும் நிறத் தேர்வை ஆண்டிருக்கிறது. தமிழ்த் திருமணத்தின் முகூர்த்தம் பெரும்பாலும் காலையில். பகல் வெளிச்சத்தில் அரக்கும் பச்சையும் தங்கள் முழுச் செறிவைக் காட்டுகின்றன. தில்லித் திருமணங்கள் பெரும்பாலும் இரவில், மஞ்சள் விளக்குகளின் கீழ். அந்த ஒளியில் நீலம் குன்றும். பீச்சும் பொன்னும் வெளிர்ரோஜாவும் ஒளிரும். அவற்றின்மேல் தைத்த கண்ணாடியும் ஜர்தோசியும் விளக்கைத் திருப்பி எறிந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். இரவு மண்டபத்தில் வெற்றி பெற்ற வெளிர் லெஹங்காவைக் காலையில் ஆர்.கே. புரம் மலை மந்திரில் நடக்கும் நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டுவந்தால் அது துணையிழந்து நிற்கும். காலையில் உயிர் பெற்ற மயில்கழுத்துப் பட்டு இரவு விளக்கில் கறுத்து அடங்கிவிடுவதும் இதன் மறுபக்கம். எந்த வழியும் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. அவை வளர்ந்த வெளிச்சத்தில் அவை சிறந்தவை.

பட்டும் ஷிஃபானும்

துணியின் தன்மையிலும் வேறுபாடு பெரிது. ஷிஃபான் துப்பட்டா ஊடுருவித் தெரியும். மேசைமேல் விரித்தபோது ரோஜாவாக இருந்தது, பழுப்புத் தோளின்மேல் விழும்போது கீழிருக்கும் மேனியோடு கலந்து செம்பழுப்பாகும். ஆகவே மெல்லிய துணியைத் தோளிலோ முன்கையிலோ போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. பட்டு ஊடுருவாது. அது ஒளியைத் திருப்பி அனுப்பும். மாம்பழ மஞ்சள் முந்தானை தாடைக்குக் கீழே பொன்சாயல் வீசும். பாவும் ஊடையும் வெவ்வேறு நிறம் கொண்ட டபுள் ஷேட் பட்டு அசையும்போதெல்லாம் சாயல் மாறும். உள்சாயல் மஞ்சளா சிவப்பா என்று தீர்மானிக்க முடியாதவர்களுக்கு அது நல்ல தேர்வு, ஏனெனில் அது ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. பருத்தி ஒளியைச் சிதறடித்து மென்மையாக்கும். கம்பளி விழுங்கிக்கொள்ளும், அதனால் கம்பளியில் வாங்கும் நிறம் பருத்தியில் வாங்குவதைவிட ஒரு படி தெளிவாக இருப்பது நல்லது.

பருவ முறை எங்கே நிற்கிறது

இன்று அழகு நிலையங்களிலும் இன்ஸ்டாகிராமிலும் பரவும் 'கலர் அனாலிசிஸ்' மூன்றாவது குரலாக நுழைகிறது. 1980 இல் அமெரிக்காவில் வெளியான கரோல் ஜாக்சனின் நூல் அதைப் புகழ்பெறச் செய்தது. தோல், முடி, கண் ஆகியவற்றின் நிறத்தைக் கொண்டு ஆட்களை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிற அட்டை தருவது அதன் முறை. பின்னர் நான்கு பன்னிரண்டாகவும் விரிந்தது.

அந்த முறை பிறந்த ஊரில் முடி பொன்னிறமாகவும் செம்பழுப்பாகவும், கண் நீலமாகவும் பச்சையாகவும் மாறுபடும். நம்மிடையே பெரும்பாலோருக்கு முடி கறுப்பு, கண் கரும்பழுப்பு. மூன்று அடையாளங்களில் இரண்டு எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டால் பிரிக்கும் வலிமை போய்விடுகிறது. கூட்டம் முழுவதும் குளிர்கால அட்டைக்குள் அடைக்கப்படுகிறது. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனையும் ஆழ்ந்த நிறத் தோலில் நம்பத்தக்க விடை தருவதில்லை. மேனி வகைப்பாடுகள் பல வெளிர்மேனியை மையமாக வைத்தே தொடங்கியவை. ஹார்வர்டின் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975 இல் வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து அமைத்த அளவுகோலில் முதலில் வெளிர்மேனிகளுக்கான நான்கு வகைகளே இருந்தன. பழுப்பு, கறுப்பு மேனிகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்துப் படிகள் கொண்ட அளவுகோலைக் கூகுள் 2022 இல் வெளியிட்டது. ஆழ்ந்த மேனிகளுக்கு உரிய இடத்தை அது தந்தது.

பருவ முறையில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு. முகத்தருகே துணிகளை ஒவ்வொன்றாகப் போர்த்திப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடும் பழக்கம் அது. அட்டையை விட்டுவிட்டுப் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தடையின் வேர்

"கறுப்பா இருக்கே, இந்த நிறம் உனக்கு வேண்டாம்" என்று சொல்பவர்கள் நிறவிதியைச் சொல்வதில்லை. மேனியைக் கண்ணில் படாமல் அடக்கச் சொல்கிறார்கள். அந்த எண்ணத்தை வளர்த்த சந்தை தனி வரலாறு கொண்டது. ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 1975 இல் வந்து, 2020 இல்தான் தன் பெயரை மாற்றிக்கொண்டது. கரிய மேனியைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக விளம்பரத் தரக் கவுன்சில் 2014 இல் நெறிமுறை வகுத்தது. ஷாதி இணையதளம் மேனி நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை 2020 இல் நீக்கியது. சென்னையில் 2009 இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்துக்கு, தில்லியில் வளர்ந்த நடிகை நந்திதா தாஸ் 2013 இல் முகமானார். தமிழ்நாட்டையும் தில்லியையும் இணைத்த அந்த முயற்சி, இந்த நோய் இரண்டு ஊருக்கும் பொது என்பதையும் காட்டியது.

நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தடையை நம்பி வளரும் பெண் மஞ்சளை மட்டும் இழப்பதில்லை. கடைக்குள் நுழையும்போதே ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொள்கிறாள். பையன்களும் தப்புவதில்லை, கரிய பையனுக்கு எப்போதும் சாம்பல் சட்டையே எடுக்கப்படுகிறது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த கரிய மனிதரின் கம்பீரத்தை ஊர் ஊராகக் கண்டிருந்தும் நாம் இப்படிச் செய்கிறோம்.

இரண்டையும் சேர்த்து உடுத்துவது

ஒப்பீட்டின் பயனைக் கடைத்தெருவில் இப்படிப் பயன்படுத்தலாம். முதலில் எதிர்நிற வழியைப் பின்பற்றி, மேனிக்கும் துணிக்கும் தெளிவான வெளிர்-அடர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கைபேசியில் முகத்தையும் துணியையும் சேர்த்துக் கறுப்பு-வெள்ளைப் படமாக எடுத்தால் இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். படத்தில் முகமும் துணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தத் துணிக்கு வேறு நிறக் கரையோ காலரோ பிளவுசோ துப்பட்டாவோ தேவை.

அடுத்து இசைவு வழியின் கண்ணைக் கடன் வாங்குங்கள். விரும்பிய நிறத்தின் இரண்டு மூன்று படிகளை முகத்தருகே மாற்றி மாற்றி வையுங்கள். கரிய மேனிக்குத் தெளிந்த கடுகு, மாம்பழ மஞ்சள், குங்குமம், வாடாமல்லி, மயில்நீலம், கிளிப்பச்சை, தந்தவெள்ளை எல்லாம் துணை. மாநிறத்துக்கு அரக்கு, பாட்டில் பச்சை, அவுரி நீலம் என்று கீழே இறங்கலாம். அல்லது மாந்துளிர், ராமர் பச்சை என்று தெளிவை நோக்கி ஏறலாம். நடுவில் உள்ள மங்கல் பழுப்புகளில் மட்டும் நின்றுவிடாதீர்கள். வெளிர்மேனிக்குப் பியாஸியும் தானியும் உகந்தவை. முகத்தில் மஞ்சள் சாயல் தூக்கலாக இருந்தால், ஊதாவின் அண்மை அதை இன்னும் கூட்டும் என்பதை ஷெவ்ரலின் விதிப்படி நினைவில் வையுங்கள். இவை தொடங்குவதற்கான திசைகள். இறுதித் தீர்ப்பு உங்கள் முகத்தருகே கிடைப்பதுதான்.

பிறகு துணியை வாசலுக்குக் கொண்டுபோங்கள். சவுத் எக்ஸ்டென்ஷன் நல்லியிலானாலும் பாபா கடக் சிங் மார்க் பூம்புகாரிலானாலும் சங்கர் மார்க்கெட்டின் சிறு கடையிலானாலும் இதைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கடை விளக்கில் அச்சாகப் பொருந்திய குர்தாவும் துப்பட்டாவும் வெயிலில் இரண்டாகப் பிரிந்து நிற்பது உண்டு, ஏனெனில் வேறு வேறு சாயங்கள் ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொரு விளக்கில் வேறாகவும் தெரியும். இரவு விழாவுக்கு வாங்குவதானால் மஞ்சள் விளக்கின் கீழும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தறியில் நெய்த எதிர்நிறமும் பாத்திரத்தில் தோய்த்த இசைவும் பகைகள் அல்ல. காஞ்சிப் பட்டின் கரையிலிருந்து ஒரு நிறத்தை எடுத்து, அதை ரங்ரேஸிடம் அரைப்படி வெளிராக்கிப் பிளவுசுக்கோ சால்வைக்கோ தோய்த்து வாங்குபவருக்கு இரண்டு மரபும் பணி செய்கின்றன. அந்த வாய்ப்பு தில்லியில் வாழும் தமிழருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் மகளோ தம்பியோ பளிச்சென்ற ஒரு நிறத்தைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டால், அந்தத் துணியை எடுத்து அவர்கள் முகத்தருகே வைத்துக் காட்டுங்கள். நம் நெசவாளர்களும் ஓவியர்களும் கரிய மேனியைத் துணிவோடு பார்த்தே நிறம் தேர்ந்தார்கள். நாமும் அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.